பையனை டெகாத்லான் பக்கம் திருப்பலாமா? ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

ஏற்காட்டிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகனுக்கு 16 வயது, பதினோராம் வகுப்பு. உயரம் தாண்டுதலில் 1.85 மீட்டர், நீளம் தாண்டுதலில் 6.40 மீட்டர். மாவட்டப் போட்டியில் இரண்டிலும் இரண்டாம் இடம். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் "இவனை டெகாத்லானுக்குத் திருப்பலாம்" என்கிறார். டெகாத்லான் என்றால் இரண்டு நாளில் பத்துப் போட்டி, எல்லாப் புள்ளிகளையும் கூட்டி அதிகம் எடுத்தவர்தான் முதல். சொந்தக்காரர்களோ "எதிலும் முதலாவதாக வராதவன்தான் அதற்குப் போவான்" என்கிறார்கள். சர்வதேச அளவில் ஒரு டெகாத்லான் வீரரின் வாழ்க்கை எப்படிப் போகும், மலைமேல் இருப்பது பையனுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி சரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டெகாத்லான் உலக சாதனை பிரான்ஸின் கெவின் மயேர் கையில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் தாலான்ஸ் நகரில் எடுத்த 9126 புள்ளி. முதல் நாள் 100 மீட்டரை 10.55 விநாடியில் ஓடினார், நீளம் 7.80 தாண்டினார், குண்டு 16.00 எறிந்தார், உயரம் 2.05 தாண்டினார், 400 மீட்டரை 48.42-ல் முடித்தார். மறுநாள் 110 மீட்டர் ஹர்டில்ஸ் (தடை ஓட்டம்) 13.75, வட்டு 50.54, போல்வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்) 5.45, ஈட்டி 71.90, கடைசியாக 1500 மீட்டர் 4 நிமிடம் 36.11 விநாடி. இந்தப் பத்தில் எதையாவது தனியாக உருவி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் வைத்தால் பதக்கம் வராது. அந்த 1500 மீட்டர் நேரத்தைக் கேட்டால் நம் ஊர் நெடுந்தூர ஓட்டக்காரப் பையன்களே சிரிப்பார்கள். அந்த வகையில் உறவுக்காரர்கள் சரி.

மற்ற பாதியை அவர்கள் பார்க்கவில்லை. ஏழேகால் கிலோ இரும்புக் குண்டை 16 மீட்டர் எறியும் தோள் இருக்கிற ஆள், அன்று மாலைக்குள் தன் தலைக்கு மேல் இருக்கும் கம்பியைத் தாண்ட வேண்டும். குண்டுக்கு உடம்பு கனக்க வேண்டும், உயரத்துக்கு இளைக்க வேண்டும். 100 மீட்டருக்கு வேண்டிய தசை வேறு, 1500-க்கு வேண்டிய நுரையீரல் வேறு. ஒன்றை வளர்த்தால் இன்னொன்று குறையும். பத்தையும் ஒரே உடம்பில் குடிவைக்கிற வேலை இது. மயேரின் அந்த 9126-ஐப் பிரித்துப் பாருங்கள், முதல் நாள் 4563, இரண்டாம் நாளும் 4563. தராசில் வைத்தது மாதிரி.

நான் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். சேலம் காந்தி ஸ்டேடியத்திலும் வெளியூர்களிலும் போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். பெரும்பாலும் புள்ளி அட்டவணைப் புத்தகத்தோடு மேஜையில் உட்காருவதுதான் என் வேலை. அதனால் இந்த விளையாட்டை நான் கணக்குப் பிள்ளையின் கண்ணால்தான் பார்க்கிறேன். அந்தக் கோணம் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டெகாத்லானில் எதிராளியை ஜெயிப்பது இல்லை, அட்டவணையிலிருந்து புள்ளி பிடுங்குவதுதான் உண்டு.

இப்போது உள்ள அட்டவணை 1985-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சூத்திரம். எத்தனை பேரில் எத்தனையாவது வந்தாய் என்று அது கேட்காது, என்ன நேரம், என்ன தூரம் என்று மட்டும் கேட்கும். உங்கள் மகனின் 1.85-க்கு 670 புள்ளி, 6.40-க்கு 675 புள்ளி. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். 16 வயதில் இப்படிச் சமமாக வருவது நல்ல அறிகுறி. அவருடைய ஆசிரியர் சும்மா சொல்லவில்லை.

சரி, நம் நாட்டு உதாரணத்துக்கு வருகிறேன். தேஜஸ்வின் சங்கர் தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர், பிறகு உயரம் தாண்டுதலுக்கு வந்தார். 2018-ல் 2.29 மீட்டர் தாண்டி தேசிய சாதனை வைத்தார். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் உயரம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கினார். அப்படிப்பட்டவர் டெகாத்லானுக்குத் திரும்பினார். 2023 அக்டோபரில் ஹாங்ஸோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 7666 புள்ளியோடு வெள்ளி. அன்று அது தேசிய சாதனை. 2025 ஜூலையில் போலந்தில் அதையே 7826 ஆக உயர்த்தினார்.

ஹாங்ஸோவின் பத்து எண்களையும் நான் அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. 100 மீட்டர் 11.12 விநாடி, 834 புள்ளி. நீளம் 7.37, 903. குண்டு 13.39, 691. உயரம் 2.21, 1002. 400 மீட்டர் 49.67, 830. முதல் நாள் முடிவில் 4260 எடுத்து முதலிடத்தில் இருந்தார். இரண்டாம் நாள் ஹர்டில்ஸ் 14.78, 876. வட்டு 39.28, 650. போல்வால்ட் 4.10, 645. ஈட்டி 51.17, 606. 1500 மீட்டர் 4 நிமிடம் 48.32 விநாடி, 629. இரண்டாம் நாள் மொத்தம் 3406. தங்கம் சீனாவின் சுன் சிஹாவுக்குப் போனது, 7816. வித்தியாசம் 150 புள்ளி.

இப்போது இதை மயேரின் எண்களோடு பக்கத்தில் வையுங்கள். உயரம் தாண்டுதலில் நம் ஆள் மயேரைவிட 152 புள்ளி அதிகம்! உலக சாதனை வைத்தவருக்கு அங்கே 850தான். ஆனால் போல்வால்ட்டில் மயேருக்கு 1051, நம்மவருக்கு 645. ஈட்டியில் மயேருக்கு 918, நம்மவருக்கு 606. இரண்டையும் கூட்டினால் 718 புள்ளி பள்ளம். இருவருக்கும் இடையே மொத்த வித்தியாசமே 1460. அதில் கிட்டத்தட்ட பாதி இரண்டே போட்டியில் போய்விட்டது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, தேஜஸ்வின் போல்வால்ட்டில் 4.70 தாண்டியிருந்தால் 819 புள்ளி கிடைத்து, தங்கம் அவர் கழுத்துக்கு வந்திருக்கும். 4.60 போதாது, ஐந்து புள்ளி குறையும். நானும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இதை அவரைக் குறை சொல்லச் சொல்லவில்லை. உயரம் தாண்டிக்கொண்டிருந்த ஒருவர் வளர்ந்த பிறகு கோலைக் கையில் எடுத்து 4.10 தாண்டுவதே பெரிய காரியம். ஒரு டெகாத்லான் வீரரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அவருக்கு நன்றாக வருகிற போட்டி இல்லை, வராத போட்டிதான் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குக் கிடைக்காது. நம் பையன்களுக்கு அந்த வராத போட்டி பத்துக்கு எட்டுப் பேரிடம் போல்வால்ட்.

ஏன் என்று கேட்டால் காரணம் திறமை இல்லை, சாமான். ஃபைபர் கிளாஸ் போல் ஒன்று நாலு, நாலரை மீட்டர் நீளம். ஒவ்வொன்றிலும் இத்தனை கிலோ எடையுள்ளவர் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கும். பையன் எடை ஏறினால், பிடி உயர்ந்தால், ஓட்டம் வேகமானால் அடுத்த போல் வேண்டும். ஒன்று வாங்கி வைத்து ஓட்டுகிற கதை இல்லை. விழுவதற்கு ஆளுயர மெத்தை வேண்டும், ஊன்றுவதற்குப் பெட்டி வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் போட்டிக்கு எடுத்துப் போவது தனிப் பாடு. சேலம் ஜங்ஷனில் போலோடு நின்றவனைக் கேளுங்கள், சொல்வான். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அதைக் கட்டிக்கொண்டு போக எந்தக் கண்டக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது, வெட்கத்தோடு சொல்கிறேன். எண்பதுகளில் கல்லூரிப் படிப்பின்போது பல்கலைக்கழகப் போட்டியில் நானும் டெகாத்லான் இறங்கினேன். ஏழு போட்டி முடிந்து இரண்டாம் இடத்தில் இருந்தேன். போல்வால்ட்டில் எனக்குத் தெரிந்த உயரம் 2.80. முன்னால் இருந்தவனைப் பிடிக்க வேண்டும் என்ற வீம்பில் 3.20-ல்தான் தொடங்குவேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று முயற்சி, மூன்றும் கம்பி கீழே. பூஜ்யம். எங்கள் மொழியில் 'நோ ஹைட்'. அதற்கப்புறமும் ஈட்டி எறிய வேண்டும், 1500 ஓட வேண்டும். எறிந்தேன், ஓடினேன். ஏழாவது வந்தேன். வண்டியேறும் வரை யாரோடும் பேசவில்லை.

பிற்பாடு தெரிந்துகொண்டேன், என்னைவிடப் பெரிய ஆட்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள் என்று. அமெரிக்காவின் டான் ஓ பிரையன் 1991 உலகச் சாம்பியன். 1992 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் முன்னணியில் இருந்தவர், 4.80 மீட்டரில் தொடங்கி மூன்றையும் விட்டார். பார்சிலோனா போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 8891 புள்ளியோடு உலக சாதனை. தங்கத்துக்கு 1996 அட்லாண்டா வரை காத்திருந்தார். மயேருக்கும் இது நடந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் பெர்லின் ஐரோப்பியப் போட்டியில் நீளம் தாண்டுதலில் மூன்று முயற்சியும் ஃபவுல். அங்கேயே கதை முடிந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் அந்த 9126.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். தனிப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு ஆறு முயற்சி கிடைக்கும். டெகாத்லானில் நீளம், குண்டு, வட்டு, ஈட்டி எல்லாவற்றுக்கும் மூன்றே மூன்று. முதல் இரண்டு ஃபவுல் ஆனால் மூன்றாவதில் கால் நடுங்கும். பெரிய வீரர்கள் முதல் முயற்சியைக் கையிருப்புப் போல எடுப்பார்கள், பலகைக்கு ஒரு சாண் முன்பே குதித்து ஒரு கணக்கை எழுதிவிட்டு, அப்புறம் இரண்டாவதில் பாய்வார்கள். பூஜ்யம் வாங்கினாலும் தொடரலாம். ஆனால் பத்தில் ஏதாவது ஒரு போட்டிக்கு ஆஜராகாவிட்டாலும் வரிசையிலேயே பெயர் இருக்காது. அதனால்தான் காலில் கட்டோடு நொண்டி நொண்டி ஹர்டில்ஸ் கோட்டில் வந்து நிற்பவர்களைப் பார்ப்பீர்கள்.

விதி தெரியாமல் ஜெயித்தவரும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாப் மத்தியாஸ் என்ற அமெரிக்கப் பையன், வயது 17, டெகாத்லான் பயிற்சி ஆரம்பித்துச் சில மாதங்கள்தான். குண்டு எறிந்துவிட்டு வட்டத்தின் முன்பக்கமாக வெளியே நடந்தார், அந்த எறி செல்லாது என்று விட்டது. அப்படியும் தங்கம். இந்தக் கதையைப் பள்ளியில் சொன்னால் பையன்களுக்கு உற்சாகம் வரும், ஆனால் அது அந்தக் காலம். இன்றைக்கு 17 வயதில் யாரும் ஒலிம்பிக் டெகாத்லான் ஜெயிப்பதில்லை.

இன்றைய வாழ்க்கைப் பாதைக்கு ஆஷ்டன் ஈட்டன் நல்ல மாதிரி. ஓரிகன் மாநிலத்தில் தாய் ஒருத்தியாக வளர்த்த பிள்ளை. பள்ளியில் 400 மீட்டரும் நீளம் தாண்டுதலும்தான். கல்லூரி உதவித்தொகைக்கு அது மட்டும் போதாது என்று பயிற்சியாளர் டெகாத்லானைக் காட்டிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியும் என்பார்கள். அதாவது உங்கள் மகனைவிட வயது கூடித்தான் தொடங்கினார். கல்லூரி மட்டத்தில் மூன்று தடவை தேசியச் சாம்பியன், 24 வயதில் 9039 உலக சாதனை, அதே 2012-ல் லண்டன் தங்கம், 2016-ல் ரியோ தங்கம், 2017 ஜனவரியில் ஓய்வு. அப்போது வயது 28. நடுவில் 2014-ல் முழு டெகாத்லானே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடிக்கொண்டிருந்தார். உடம்புக்கும் மனதுக்கும் அது ஓய்வு.

2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் ஈட்டன் 400 மீட்டரை 45.00 விநாடியில் ஓடினார், 1060 புள்ளி. மறுநாள் 1500-க்கு வரும்போது தன் சாதனையை உடைக்கும் தூரத்தில் நின்றார். 4 நிமிடம் 17.52 விநாடியில் முடித்தார், மொத்தம் 9045. பழைய சாதனையைவிட ஆறு புள்ளி கூட. அட்டவணைப்படி அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏழு புள்ளி. இரண்டு நாள், பத்துப் போட்டி முடிந்து, கடைசி நூறு மீட்டரில் ஒரே ஒரு விநாடி பின்தங்கியிருந்தால் 9038, சாதனை இல்லை. இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு வருடமும் புதுப் பையன்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். 1500 பயிற்சிக்கு மூக்கால் அழுகிறவன்கூட அன்று சாயங்காலம் ஓடுவான், மறுநாள் மறந்துவிடுவான், அது வேறு.

காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தகப்பன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மயேரின் பாதையைப் பாருங்கள். 2016 ரியோவில் வெள்ளி, 2017-ல் உலகச் சாம்பியன், 2018-ல் உலக சாதனை, 2019 தோஹாவில் முன்னணியில் இருக்கும்போது போல்வால்ட்டில் கால் ஒத்துழைக்காமல் வெளியேற்றம், டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடி வெள்ளி, 2022-ல் மறுபடி உலகச் சாம்பியன், 2023-ல் இரண்டு போட்டியோடு விலகல், 2024-ல் சொந்த நாட்டு ஒலிம்பிக்கிலேயே காயத்தால் இறங்க முடியவில்லை. உலகத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை. முழங்கால், கணுக்கால், தொடைப் பின்தசை, முழங்கை என்று பத்துப் போட்டிக்கும் தனித்தனியாகத் தேயும் இடம் உண்டு. அதனால்தான் பெரிய வீரர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று முழு டெகாத்லானுக்கு மேல் இறங்குவதில்லை. மே மாதக் கடைசியில் ஆஸ்திரியாவின் கோட்சிஸ் ஊரில் ஒன்று, பிறகு உலகப் போட்டியோ ஒலிம்பிக்கோ ஒன்று. அவ்வளவுதான் வருடம். 100 மீட்டர் ஓடுபவனுக்கு ஒரு போட்டி தவறினால் அடுத்த வாரம் இன்னொன்று. டெகாத்லான் வீரனுக்கு ஒன்று தவறினால் வருடத்தில் பாதி போனது.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சந்தோஷமான விஷயம் இல்லை. டயமண்ட் லீக் என்கிற பணக்காரத் தொடரில் டெகாத்லான் கிடையாது. உலகச் சாம்பியனுக்கு மற்றவர்களைப் போலவே 70,000 டாலர் உண்டு, ஆனால் அது ஒரே ஒருவருக்கு. நம் நாட்டில் ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலைதான் நடைமுறையில் சோறு போடுவது. படிப்பை விடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒலிம்பிக் வாசலும் தூரத்தில்தான் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 8460 புள்ளியாக இருந்தது. 2025 ஜூலையில் வைத்த நம் தேசிய சாதனை 7826. ஆசிய அளவு வேறு. 1962 ஜகார்த்தாவில் குர்பச்சன் சிங் ரந்தாவா, 1974 டெஹ்ரானில் விஜய் சிங் சௌஹான் என்று டெகாத்லானில் தங்கமே வாங்கியிருக்கிறோம். 2010-ல் பரதிந்தர் சிங் வெண்கலம். ஆசியப் பதக்கம் என்பது இந்தியப் பையன் நியாயமாகக் கனவு காணக்கூடிய இடம்.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டாத்லானில் போல்வால்ட் கிடையாது. அங்கே நம் கதை வேறு மாதிரி. 2018 ஜகார்த்தாவில் ஸ்வப்னா பர்மன் பல் வலிக்குத் தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டு 6026 புள்ளியோடு தங்கம் வாங்கினார். நான் இவ்வளவு நேரம் போலைப் பற்றி ஏன் புலம்பினேன் என்று இதிலிருந்தும் தெரியும்.

இனி ஏற்காடு. சேலத்தில் யாரிடம் கேட்டாலும் "மலை ஏறி ஓடினால் ஸ்டாமினா வரும்" என்பார்கள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து பையன்களைக் கொண்டை ஊசி வளைவு வளைவாக ஓட விடுகிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தூர ஓட்டக்காரனுக்குச் சரி. டெகாத்லான் பையனுக்கு அது பெரும்பாலும் வீண், சில சமயம் கெடுதல். பத்தில் ஒன்பது போட்டி ஒரு நிமிடத்துக்குள் முடிகிறவை. வேகமும் வெடிப்பும்தான் அங்கே புள்ளி. தார் ரோட்டில் மணிக்கணக்காக ஓடினால் வேகம் மழுங்கும், இறங்கும்போது முழங்கால் முன்னெலும்பு வலிக்கும். அந்த வலி வந்துவிட்டால் தாண்டுகிறவனுக்கு மூன்று மாதம் போச்சு.

மலையில் உபயோகமானது வேறு. ஐம்பது அறுபது மீட்டர் நீளமுள்ள, ரொம்பச் செங்குத்தில்லாத ஒரு மண் சரிவு. காபித் தோட்டத்துக்குள் போகிற வண்டிப்பாதை போல ஒன்று. அதில் ஏழெட்டுத் தடவை முழு வேகத்தில் ஏறி, நடந்து இறங்குவது. வாரம் இரண்டு தடவை போதும். அப்புறம் குளிர். சேலத்தில் ஏப்ரல், மே மாதம் காலை ஒன்பது மணிக்கு மேல் மைதானத்தில் நிற்க முடியாது, ஹர்டில்ஸ் கட்டையைத் தொட்டால் கை சுடும். மலைமேல் அந்த இரண்டு மாதமும் முழுப் பயிற்சி செய்யலாம். இது உங்கள் பையனுக்குக் கிடைத்திருக்கிற சொத்து. ஆனால் போட்டிகள் சமவெளியில், வெயிலில்தான் நடக்கும். அதனால் போட்டிக்குப் பத்து நாள் முன்பாவது கீழே இறங்கி சேலத்து வெயிலைப் பழக வேண்டும். மலையிலேயே இருந்துவிட்டு நேராக வந்த பையன் முதல் நாள் 400 முடித்து வாந்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னத் தகவல். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான ஊரில் எடுத்த ஓட்ட, தாண்டல் கணக்குகளுக்குப் பக்கத்தில் உயரத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்றைப் போடுவார்கள், அங்கே காற்று மெலிந்து உதவுகிறது என்பதால். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அதனால் மேலே எடுத்த 100 மீட்டர் நேரத்தை நம்பி ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். அதுவும் கைக்கடிகார நேரமாக இருந்தால் அறவே வேண்டாம்.

"உயரம் தாண்டுதலோடேயே இருந்துவிடலாமே" என்றும் நீங்கள் யோசிக்கலாம். சேலத்துக்காரர்களுக்கு அந்த யோசனை வருவது இயல்பு. நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டியே ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் மகன் இன்று போல்வால்ட்டில் பூஜ்யம். கோலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வெறும் 3.00 மீட்டர் தாண்டினால் 357 புள்ளி சேரும். அதே 357 புள்ளியை உயரம் தாண்டுதலிலேயே சம்பாதிக்க வேண்டுமானால் 1.85-லிருந்து 2.24-க்குப் போக வேண்டும். தேஜஸ்வின் ஹாங்ஸோவில் தாண்டியதைவிட அதிகம். முதலாவதற்கு நல்ல ஆசிரியரும் மெத்தையும் இருந்தால் ஒரு வருடம். இரண்டாவது பெரும்பாலானவர்களுக்கு ஒரு ஆயுளிலும் நடக்காது.

அதனால் என் யோசனை இது. 18 வயது வரை முழு டெகாத்லானை அடிக்கடி செய்ய வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒன்று போதும். இந்த வயதுப் பிரிவில் சாமானும் லேசு, குண்டு 5 கிலோ, வட்டு ஒன்றரைக் கிலோ, ஈட்டி 700 கிராம், ஹர்டில்ஸ் 91.4 சென்டிமீட்டர்தான். கனத்தைத் தூக்குவதற்கு முன் அசைவைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடைக்காது. பெரியவர்கள் பிரிவில் ஹர்டில்ஸ் 106.7 சென்டிமீட்டர், அங்கே போய்த் தாளம் கற்றுக்கொள்ள முடியாது. இந்த இரண்டு வருடமும் ஹர்டில்ஸ், போல்வால்ட், ஈட்டி மூன்றுக்கும் முன்னுரிமை. மூன்றும் கை, கால் பழகிப் பழகி வருகிற வித்தை, வயது ஏறினால் ஏறாது. குண்டுக்கும் வட்டுக்கும் வேண்டிய பலம் 20 வயதுக்கு மேல் தானாக வந்து சேரும். உயரமும் நீளமும் அவனுக்கு இருக்கிறது, எங்கேயும் போகாது.

போல்வால்ட்டுக்கு யாரிடம் அனுப்புவது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பயிற்சியாளரின் பெயரைக் கேட்பதற்கு முன் மெத்தையைப் போய்ப் பாருங்கள். கிழிந்து, நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையாக இருந்தால் எவ்வளவு பெரிய பயிற்சியாளரானாலும் வேண்டாம். விடுமுறையில் ஒரு மாதம் வெளியூரில் தங்கிக் கற்றுக்கொள்ளும்படி ஆனாலும் பரவாயில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 1500 முடிந்து எல்லோரும் தரையில் சரிந்து கிடப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு, முதலாவது வந்தவனும் கடைசி வந்தவனும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வருவார்கள். நான் ஏழாவது வந்த அன்று, என்னை முந்திய அந்தப் பையன்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்துவிட்டு எதிரியாக இருப்பது கஷ்டம். உங்கள் சொந்தக்காரர்கள் ஒரு தடவை நேரில் வந்து பார்க்கட்டும், மைதானத்துக்கு வெளியே தட்டுவடை செட் நான் வாங்கித் தருகிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். மகனை ஒரு நாள் 100 மீட்டரும், இரண்டு நாள் விட்டு 400 மீட்டரும், இன்னும் இரண்டு நாள் விட்டு 1500 மீட்டரும் சமவெளி மைதானத்தில் ஓட வைத்து நேரம் எடுத்து அனுப்புங்கள். கூடவே எடை, உயரம், 5 கிலோ குண்டு எவ்வளவு போகிறது என்பதும். அட்டவணையில் போட்டு ஒரு தாளில் எழுதித் தருகிறேன். போல்வால்ட்டுக்கு நேரே இப்போதைக்குப் பூஜ்யம் என்றே எழுதுவேன், அதைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்தால் நல்லது.